கிராமக் கோட்டைகளும் படத் தபாற்குறிகளும்
(மூலாதாரங்களை வாசித்தல்: துணைப் பாடம்)

மாணவர்களே, வரலாற்று மூலாதாரங்கள் என்றதும் கல்வெட்டு, நாணயம், ஏட்டுச் சுவடி, கட்டட இடிபாடு என்பன உடனே உங்கள் நினைவுக்கு வரும். பெயர்களை வரிசையாக எழுதிவிடுவீர்கள். ஆனால் வினாத்தாளில் ஒரு மூலத்தைத் தந்து, "இதிலிருந்து எதனை அறியலாம்? எதனை அறிய முடியாது?" என்று கேட்டால் பலர் தடுமாறுகின்றனர். காரணம், பெயர் தெரிந்திருக்கிறது. வாசிக்கும் முறை தெரியவில்லை. அந்த முறையைப் பழகுவதற்கு மிகச் சிறிய மூலம் ஒன்றை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் நான்கு சென்ரிமீற்றர்கூட இல்லை. அதுவே படத் தபாற்குறி ஆகும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
- முத்திரை, தபாற்குறி, படத் தபாற்குறி ஆகியவற்றை வேறுபடுத்துவீர்கள்.
- யப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள மூன்று கிராமக் கோட்டைகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவீர்கள்.
- ஒரே பொருள் ஒரு விடயத்துக்கு முதலாம் நிலை மூலாதாரமாகவும் இன்னொரு விடயத்துக்கு அவ்வாறு அல்லாததாகவும் இருப்பதை விளக்குவீர்கள்.

1. சொற்களைப் பிரித்தறிதல்

கடிதத்தின் மேல் நாம் ஒட்டுவது முத்திரை. தபாற் கட்டணம் செலுத்தப்பட்டது என்பதற்கு அது அடையாளம். தபாலகத்தில் அதன் மீது மையினால் குத்தப்படும் அடையாளமே தபாற்குறி. இதில் தபாலகத்தின் பெயரும் திகதியும் இருக்கும். பேச்சு வழக்கில் இரண்டையுமே "முத்திரை" என்று சொல்லிவிடுவதால் விடை எழுதும்போது குழப்பம் வருகிறது. ஒட்டப்படுவது முத்திரை, குத்தப்படுவது தபாற்குறி என மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

இவற்றுள் முந்தியது எது? தபாற்குறியே முந்தியது. இங்கிலாந்தில் ஹென்றி பிஷப் என்பவர் தபாற் பணிக்குப் பொறுப்பாக இருந்தபோது, 1661இல் கடிதம் தபாலில் சேர்ந்த நாளையும் மாதத்தையும் காட்டும் சிறு வட்டக் குறியை அறிமுகப்படுத்தினார். கடிதங்கள் வழியில் தாமதிக்கப்படுகின்றனவா எனக் கண்டறிவதே அதன் நோக்கம். ஒட்டும் முத்திரை அதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளின் பின்னர், 1840இல் பிரித்தானியாவிலேயே முதன்முதலாக வந்தது. இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்பிரல் 1ஆம் திகதி வெளியிடப்பட்டது.

முத்திரை வந்த பின்னர் தபாற்குறிக்கு இரண்டாவது வேலையும் கிடைத்தது. ஒருமுறை பயன்படுத்திய முத்திரையை உரித்து மீண்டும் ஒட்டாதபடி அதனைச் செல்லுபடியற்றதாக்குவதே அவ்வேலை. ஆகவே தபாற்குறி அழகுக்காகத் தோன்றியதன்று. அது ஓர் அலுவலகப் பதிவு. இந்த இயல்பே அதனை வரலாற்று மாணவனுக்குப் பயன்படச் செய்கிறது. இடமும் திகதியும் சேர்ந்து பதிந்த பொருள்கள் நமக்கு அதிகம் கிடைப்பதில்லை.

தபாலகப் பெயர், திகதி ஆகியவற்றுடன் ஓர் ஓவியமும் சேர்ந்திருந்தால் அது படத் தபாற்குறி. இதில் இரு வகைகள் உண்டு. ஒரு விழா அல்லது புதிய முத்திரை வெளியீட்டுக்காகச் சில நாள்கள் மாத்திரம் பயன்படுவது சிறப்புத் தபாற்குறி. ஒரு தபாலகத்தில் ஆண்டு முழுவதும் கேட்போருக்குக் குத்தப்படுவது நிலையான படத் தபாற்குறி. நாம் இங்கு பார்க்கப்போவது இரண்டாவது வகை.

2. யப்பானின் படத் தபாற்குறி

யப்பானில் நவீன தபாற்சேவை 1871இல் தொடங்கியது. நிலையான படத் தபாற்குறி 1931 யூலை 10ஆம் திகதி பூஜி மலைத் தபாலகங்களில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அந்நாட்டு மொழியில் இதனை "காட்சிக் குறி" என்ற பொருள்படும் பெயரால் அழைப்பர். போர்க்காலத்தில், 1940இல், இது நிறுத்தப்பட்டது. 1948இல் மீண்டும் தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் பரவி, பல்லாயிரம் தபாலகங்கள் தமக்கெனத் தனித்தனிக் குறிகளை வைத்திருக்கும் நிலை உருவானது. 2007இல் தபாற்சேவை தனியார்மயப்படுத்தப்பட்ட பின்னரும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

இதன் இயல்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்:
(i) சாதாரண தபாற்குறி கறுப்பு நிறம். படத் தபாற்குறி செங்கபில நிறம்.
(ii) பெரும்பாலானவை வட்ட வடிவானவை. விட்டம் 36 மில்லிமீற்றர் அளவில் அமையும். பழம், மீன், மலை போன்ற வடிவங்களில் அமைந்தவையும் உண்டு.
(iii) தபாலகத்தின் பெயர், திகதி, அவ்வூருக்குரிய ஓவியம் ஆகிய மூன்றும் இருக்கும்.
(iv) அஞ்சலட்டைக் கட்டணத்துக்குக் குறையாத பெறுமதியுள்ள முத்திரை ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும்.
(v) கேட்டால்தான் குத்துவார்கள். தூரத்திலிருப்போர் முத்திரை ஒட்டிய அட்டையைத் தபாலில் அனுப்பியும் குறியைப் பெறலாம்.

ஓவியமாக எதனைத் தெரிவு செய்கிறார்கள்? மலை, அருவி, கோயில், விளைபொருள், திருவிழா என்பவற்றோடு கோட்டைகளுக்கும் முக்கிய இடம் உண்டு. ஹிமெஜி போன்ற பெரு நகரங்களின் கோட்டைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் கிராமத் தபாலகம் ஒன்றைப் பொறுத்தவரை இதன் முக்கியத்துவம் வேறு. பெரு நகரத்துக்குத் தன்னை அறிமுகப்படுத்த நூறு வழிகள் உண்டு. சிறு கிராமத்துக்கோ, தன் பெயரையும் தன் கோட்டையையும் சேர்த்து வெளியூருக்கு அனுப்ப இந்த 36 மில்லிமீற்றர் வட்டம் எளிதாகக் கிடைக்கும் ஒரு வழியாகிறது.

3. ஒக்கினாவாவின் கிராமக் கோட்டைகள்

ஒக்கினாவா யப்பானின் தென்கோடியிலுள்ள தீவுக் கூட்டம். முன்னர் இது ரியூக்கியூ என்னும் தனி இராச்சியமாக விளங்கியது. சீனாவுடனும் யப்பானுடனும் தென்கிழக்காசியத் துறைமுகங்களுடனும் கடல் வாணிகம் செய்து வளர்ந்த இராச்சியம் இது. 14ஆம் நூற்றாண்டில் தீவு வடக்கு, நடு, தெற்கு என மூன்று அரசுகளாகப் பிரிந்திருந்தது. நடு அரசைச் சேர்ந்த ஷோ ஹாஷி 1416இல் வடக்கு அரசை வென்றார். 1429இல் தெற்கும் வீழ்ந்து மூன்றும் ஒன்றாயின. 1609இல் யப்பானின் சட்சுமா படையினர் இராச்சியத்தைக் கைப்பற்றித் தமது மேலாதிக்கத்தின் கீழ்க் கொண்டுவந்தனர். 1879இல் அது யப்பானின் ஒரு மாகாணமாக்கப்பட்டது.

இத்தீவின் கோட்டைகளைக் "குசுகு" என்பர். நமது மாணவர்களுக்குக் கோட்டை என்றதும் கடல் கடந்து வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கட்டியவையே நினைவுக்கு வரும். குசுகு அவ்வாறானதன்று. உள்ளூர்த் தலைவர்களும் அரசர்களும் தம் மண்ணில் தாமே எழுப்பியது. கோட்டைக்குள்ளேயே வழிபாட்டிடங்களும் இருந்தன. கட்டடப் பொருள் பெரும்பாலும் முருகைக்கல்லால் ஆன சுண்ணாம்புப் பாறை. நெடுந்தீவுக் கோட்டையின் முருகைக்கற் சுவரைப் பார்த்தவர்களுக்கு இதனைக் கற்பனை செய்வது கடினமன்று. குசுகுவின் மதில்கள் நேர்கோட்டில் செல்லாமல் மலையின் போக்குக்கு ஏற்ப வளைந்து வளைந்து செல்லும். இவ்வளைவே அவற்றின் தனி அடையாளம்.

2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ரியூக்கியூ இராச்சியத்தின் ஒன்பது இடங்களை ஒரே தொகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் ஐந்து கோட்டைகள். ஷூரி, கத்சுரென் ஆகிய இரண்டும் நகர எல்லைக்குள் உள்ளன. ஏனைய மூன்றும் இன்றும் நிர்வாக அடிப்படையில் கிராமங்களாக உள்ள இடங்களில் அமைந்துள்ளன.

(அ) நகிஜின் கோட்டை: நகிஜின் கிராமம். வடக்கு அரசின் தலைமையிடம். இதன் மதிலின் நீளம் ஏறத்தாழ 1.5 கிலோமீற்றர். 1416இல் வீழ்ந்த பின்னர், வடபகுதியைக் கண்காணிக்க நடு அரசு இங்கு அதிகாரிகளை அமர்த்தியது. 1609 படையெடுப்பின்போது கோட்டை எரியூட்டப்பட்டது. இன்று குளிர்காலத்தின் இறுதியில் இங்கு பூக்கும் செரி மலர்களைக் காண மக்கள் திரள்கின்றனர்.

(ஆ) ஸகிமி கோட்டை: யொமிதான் கிராமம். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோசமாரு என்ற தலைவரால் கட்டப்பட்டது. கல்லை வளைவாக அடுக்கிக் கட்டிய வாயில்கள் இதன் சிறப்பு. 1945 ஏப்பிரல் 1ஆம் திகதி அமெரிக்கப் படைகள் ஒக்கினாவாவில் பெருமளவில் தரையிறங்கிய கடற்கரை இக்கிராமத்தையும் உள்ளடக்கியது. போர்க்காலத்தில் யப்பானியப் படை இக்கோட்டையில் பீரங்கிகளை நிறுத்தியது. போரின் பின் அமெரிக்கப் படை இங்கு ராடர் நிலையம் அமைத்தது. இவற்றால் மதில்கள் சேதமுற்றன. பின்னர் அவை திருத்தியமைக்கப்பட்டன.

(இ) நகாகுசுகு கோட்டை: நகாகுசுகு, கித்தநகாகுசுகு என்னும் இரு கிராமங்களின் எல்லையில் உள்ளது. ஸகிமியிலிருந்து வந்த கோசமாரு இதனை விரிவாக்கினார். 1458இல் கத்சுரென் தலைவர் அமவாரியின் தாக்குதலின்போது அவர் இங்கேயே உயிர் துறந்தார். 1853இல் அமெரிக்கத் தளபதி பெரியின் குழுவினர் இக்கோட்டையை அளந்து, இதன் கட்டட வேலையை வியந்து பதிவு செய்தனர். பிற்காலத்தில் கிராம அலுவலகமே கோட்டைக்குள் இயங்கியது. 1945 போரில் அது எரிந்தது. ஆயினும் மதில்களின் பெரும்பகுதி தப்பியது.

கவனிக்க: 1945 முதல் 1972 வரை ஒக்கினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. 1948 முதல் அங்கு தனியான ரியூக்கியூ முத்திரைகள் வெளியிடப்பட்டன. 1972 மே 15ஆம் திகதி தீவு யப்பானிடம் மீள ஒப்படைக்கப்பட்டதும் தபாற்சேவையும் யப்பானியத் தபாற்சேவையுடன் இணைந்தது. மேற்கூறிய மூன்று கோட்டைகளும் யப்பானியச் சட்டத்தின் கீழ் தேசிய வரலாற்றிடங்களாக அறிவிக்கப்பட்டதும் 1972இலேயே.

4. குறியை வாசிக்கும் நான்கு படிகள்

கோட்டைப் படத் தபாற்குறி ஒன்று உங்கள் கையில் தரப்படுகிறது எனக் கொள்வோம். பின்வரும் ஒழுங்கில் வாசியுங்கள்.

படி 1: இடம். குறியிலுள்ள பெயர் தபாலகத்தின் பெயர். அது கோட்டையின் பெயராக இருக்க வேண்டியதில்லை. ஸகிமி கோட்டை இருப்பது யொமிதான் கிராமத்தில் என்பதை மறவாதீர்கள். கோட்டை இரண்டு கிராமங்களின் எல்லையில் இருந்தால், இரு ஊர்த் தபாலகங்களும் அதே கோட்டையைத் தம் அடையாளமாகக் கொள்ளலாம்.

படி 2: திகதி. இங்கேதான் பலர் வழுக்கி விழுவர். யப்பானியக் குறியில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்கள் வரும். அந்த ஆண்டு நாம் வழங்கும் ஆண்டன்று. அரசரின் ஆட்சிக் காலத்தைக் கொண்டு எண்ணும் ஆண்டு. மாற்றும் முறை:
ஷோவா ஆண்டு + 1925
ஹெய்செய் ஆண்டு + 1988
ரெய்வா ஆண்டு + 2018
ஷோவா 1926 இறுதியில் தொடங்கி 64ஆம் ஆண்டில் முடிந்தது. ஹெய்செய் 1989இல் தொடங்கி 31ஆம் ஆண்டில் முடிந்தது. ரெய்வா 2019 மே 1இல் தொடங்கியது. குறியில் ஆட்சிக் காலத்தின் பெயர் இராது. எண் மாத்திரமே இருக்கும். எனவே எந்த ஆட்சிக் காலம் என்பதை வேறு சான்றுகளால் துணிய வேண்டும்.

உதாரணம்: "5.7.12" என்று ஒரு குறியில் உள்ளது. 5ஆம் ஆண்டு, 7ஆம் மாதம், 12ஆம் நாள்.
ஷோவா எனின் 1930. ஆனால் படத் தபாற்குறி 1931இல்தான் தொடங்கியது. எனவே பொருந்தாது.
ஹெய்செய் எனின் 1993. ரெய்வா எனின் 2023. இரண்டும் பொருந்தக்கூடியவை.
இப்போது ஒட்டியுள்ள முத்திரையைப் பாருங்கள். அஞ்சலட்டைக் கட்டணம் 1993 யூலையில் 41 யென்; 2023 யூலையில் 63 யென். அட்டையில் 41 யென் முத்திரை ஒன்று மாத்திரம் இருந்தால் அது 1993. ஏனெனில் 2023இல் அப்பெறுமதி போதாது. 63 யென் முத்திரை இருந்தால் அது 2023.
பார்த்தீர்களா? ஒரு சான்று தனியே நிற்கும்போது ஊமையாக இருக்கிறது. இன்னொரு சான்றுடன் வைத்துப் பார்க்கும்போது பேசத் தொடங்குகிறது. இதனையே மூலாதாரங்களை ஒப்பிட்டு ஆராய்தல் என்கிறோம்.

படி 3: படம். படத்தில் உள்ளவற்றை முதலில் விவரியுங்கள்: மதில், வாயில், மரம், கடல், மலர். விளக்கம் பிறகு. "வளைந்த மதில் உள்ளது" என்பது விவரிப்பு. "எனவே இது குசுகு வகைக் கோட்டையாக இருக்கலாம்" என்பது விளக்கம். இரண்டையும் ஒரே வசனத்தில் கலந்து எழுதினால், எது மூலத்தில் உள்ளது, எது உங்கள் கருத்து என்பது வாசிப்பவருக்கு விளங்காது.

படி 4: இல்லாதவை. படத்தில் இடம்பெறாதவை எவை எனக் கேளுங்கள். இந்தப் படி மிக முக்கியமானது. இதனை 6ஆம் பகுதியில் தனியாகப் பார்ப்போம்.

5. எதற்குச் சான்று? எதற்குச் சான்றன்று?

இதுவே பாடத்தின் மையம். படத் தபாற்குறி ஒன்றில் இரண்டு காலங்கள் சந்திக்கின்றன. ஒன்று, குறி குத்தப்பட்ட காலம். மற்றையது, படம் காட்டும் காலம். ஓர் அட்டையில் 2003ஆம் ஆண்டுத் திகதியும் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டையும் அருகருகே இருக்கின்றன. இடையில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள்.

அந்தக் குறி 15ஆம் நூற்றாண்டைப் பற்றிய முதலாம் நிலை மூலாதாரமா? இல்லை. கோட்டை எப்போது, யாரால், எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அது நிரூபிக்காது. அவற்றை அறியக் கோட்டை இடிபாட்டையும் அகழ்வுப் பொருள்களையும் இராச்சியத்தின் எழுத்துப் பதிவுகளையுமே நாட வேண்டும்.

அப்படியானால் அது எதற்கு முதலாம் நிலை மூலாதாரம்? மூன்று விடயங்களுக்கு:
முதலாவது, குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கிராமத்தில் தபாலகம் ஒன்று இயங்கியது என்பதற்கு.
இரண்டாவது, அக்காலத் தபாற் கட்டணம், ஊர்ப் பெயர், திகதியிடும் முறை என்பவற்றுக்கு. ஊர்ப் பெயர் மாறினாலோ ஊர்கள் இணைக்கப்பட்டாலோ குறியும் மாற்றப்படும். யப்பானில் 2005, 2006 காலப்பகுதியில் ஏராளமான சிறு ஊர்கள் ஒன்றிணைக்கப்பட்டுப் பழைய பெயர்கள் பல மறைந்தன. அத்தகைய ஊர்களின் பழைய குறிகள் அப்பெயர்களைக் காத்து வைத்திருக்கின்றன.
மூன்றாவது, அக்காலத்தில் தமது ஊரின் அடையாளமாகக் காட்டத் தக்கது எது என்று கருதப்பட்டது என்பதற்கு. இதுவே மிகப் பெறுமதியானது. கரும்பு வயலையோ மீன்பிடிப் படகையோ வரையாமல் கோட்டையை வரைந்தார்கள் என்றால், அத்தெரிவே ஒரு வரலாற்றுச் செய்தி.

இன்னொரு உதாரணத்தால் இதனை உறுதி செய்வோம். ஷூரி கோட்டை 1945 போரில் அழிந்தது. அதன் பிரதான மண்டபம் 1992இல் மீளக் கட்டப்பட்டது. 2019 ஒக்டோபர் 31ஆம் திகதி அது தீயில் எரிந்தது. இப்போது 2019 டிசெம்பர் மாதத் திகதியுடன் அம்மண்டபத்தின் படத்தைக் கொண்ட தபாற்குறி ஒன்று உங்களிடம் வருகிறது எனக் கொள்வோம். "1ஆம் சான்றின்படி 2019 டிசெம்பரில் மண்டபம் நின்றிருந்தது" என்று எழுதலாமா? எழுதினால் தவறு. திகதி மாற்றப்படுவது ஒவ்வொரு நாளும். படம் செதுக்கப்பட்டதோ பல ஆண்டுகளுக்கு முன். திகதி உண்மை. படமும் உண்மை. இரண்டையும் சேர்த்து நாம் எடுத்த முடிவுதான் பொய். மூலம் பொய் சொல்லாதபோதும் வாசிப்பவன் தவறலாம் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

6. படம் சொல்லாதவை

36 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் எல்லாவற்றையும் வரைய முடியாது. எனவே தெரிவு நடைபெறுகிறது. தெரிவு என்றாலே விலக்கும் உண்டு.

நகிஜினின் மதிலையும் மலரையும் வரையும்போது 1416இன் தோல்வியும் 1609இன் தீயும் வெளியே நிற்கின்றன. ஸகிமியின் வாயிலை வரையும்போது பீரங்கியும் ராடரும் வெளியே நிற்கின்றன. நகாகுசுகுவின் மதிலை வரையும்போது கோசமாருவின் மரணமும் எரிந்துபோன கிராம அலுவலகமும் வெளியே நிற்கின்றன. ஒரு காலத்தில் அம்பும் வாளும் ஏந்தி நின்ற இடம் இன்று வாழ்த்து அட்டையில் அமைதியான காட்சியாகச் செல்கிறது.

இதனால் வரைந்தவர்கள் வரலாற்றை மறைத்தார்கள் என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். தபாற்குறியின் நோக்கம் ஊரை அறிமுகப்படுத்துவது, போரை விவரிப்பதன்று. ஒரு மூலத்தின் நோக்கத்தை அறிந்து, அந்நோக்கத்துக்கு அப்பாற்பட்டதை அதனிடம் எதிர்பாராமல், அதன் மௌனத்தையும் குறித்துக்கொள்வதே முறையான வாசிப்பு. போரால் சிதைந்த மதிலைத் திருத்தி, அதனைத் தம் ஊரின் முகமாக மக்கள் ஏற்றுக்கொள்வதும் வரலாற்றின் ஒரு பகுதிதான். சிதைந்த கோட்டைகளைக் கண்டு வளர்ந்த நமது மாணவர்களுக்கு இதனை அதிகம் விளக்கத் தேவையில்லை.

7. மாதிரி வினாவும் விடையும்

மூலம்: செங்கபில நிறத்தில் வட்டத் தபாற்குறி. யப்பானியக் கிராமத் தபாலகமொன்றின் பெயர் உள்ளது. படத்தில் வளைந்து செல்லும் கல் மதில், "உலக மரபுரிமை" என்ற சொற்கள். திகதி 15.3.3. (இது பயிற்சிக்காக அமைக்கப்பட்டது.)

(i) இக்குறி குத்தப்பட்ட ஆண்டைக் காரணத்துடன் கூறுக. (3 புள்ளிகள்)
விடை: 15ஆம் ஆண்டு ஷோவா எனின் 1940, ஹெய்செய் எனின் 2003, ரெய்வா எனின் 2033. ரெய்வா 15 இன்னும் வரவில்லை. குசுகு கோட்டைகள் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது 2000இல் என்பதால் 1940 பொருந்தாது. ஆகவே ஆண்டு 2003.

(ii) இம்மூலத்திலிருந்து அறியக்கூடிய இரண்டு விடயங்களைத் தருக. (2 புள்ளிகள்)
விடை: 2003 மார்ச் 3ஆம் திகதி அக்கிராமத்தில் தபாலகம் இயங்கியமை. கோட்டையும் அதன் உலக மரபுரிமைத் தகுதியும் அக்காலத்தில் ஊரின் அடையாளமாகக் கருதப்பட்டமை.

(iii) இம்மூலத்திலிருந்து அறிய முடியாத ஒன்றையும் அதனை அறிய நாட வேண்டிய மூலத்தையும் குறிப்பிடுக. (2 புள்ளிகள்)
விடை: கோட்டை கட்டப்பட்ட காலத்தை அறிய முடியாது. அதற்குத் தொல்பொருள் அகழ்வுச் சான்றுகளையும் ரியூக்கியூ இராச்சியத்தின் எழுத்துப் பதிவுகளையும் நாட வேண்டும்.

(iv) "இக்குறி 15ஆம் நூற்றாண்டைப் பற்றிய முதலாம் நிலை மூலாதாரமாகும்." இக்கூற்றை மதிப்பிடுக. (3 புள்ளிகள்)
விடை: கூற்று ஏற்கத்தக்கதன்று. குறி கோட்டை எழுந்த காலத்தில் உருவானதன்று. பல நூற்றாண்டுகளின் பின் வரையப்பட்டது. எனினும் 2003ஆம் ஆண்டின் தபாற்சேவை, ஊரின் சுய அடையாளம் ஆகியவற்றுக்கு அது முதலாம் நிலை மூலாதாரமாகும். ஆகவே ஒரு மூலத்தின் நிலை, நாம் கேட்கும் வினாவைப் பொறுத்தே அமைகிறது.

புள்ளி பெறும் வழி: (iv) போன்ற வினாக்களுக்கு "ஆம்" அல்லது "இல்லை" என்பதோடு நின்றுவிடாதீர்கள். எதற்கு ஆம், எதற்கு இல்லை என்று பிரித்து எழுதுங்கள். முழுப் புள்ளியும் அந்தப் பிரிப்பில்தான் உள்ளது.

8. பயிற்சி வினாக்கள்

1. முத்திரைக்கும் தபாற்குறிக்கும் இடையிலான இரண்டு வேறுபாடுகளை எழுதுக.
2. ஒக்கினாவாத் தபாலகக் குறியொன்றில் "47.5.15" என உள்ளது. இதற்கு ஒரே ஓர் ஆட்சிக் காலமே பொருந்தும் என்பதற்குக் காரணம் கூறி, ஆண்டையும் அந்நாளின் வரலாற்று முக்கியத்துவத்தையும் எழுதுக.
3. குசுகு கோட்டைக்கும் இலங்கையில் ஐரோப்பியர் கட்டிய கோட்டைக்கும் இடையில் கட்டியோர், கட்டடப் பொருள், மதிலின் போக்கு என்பவற்றை ஒப்பிடுக.
4. ஸகிமி கோட்டைப் படத் தபாற்குறி ஒன்று சொல்லக்கூடியவை, சொல்லாதவை என இரு நிரல்களில் மும்மூன்று விடயங்களைத் தருக.
5. உங்கள் ஊர்த் தபாலகத்துக்குப் படத் தபாற்குறி ஒன்று அமைக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்படுகிறது. எதனை வரைவீர்கள்? எதனை விடுவீர்கள்? இரண்டுக்கும் காரணம் தருக.

2ஆம் வினாவுக்கான குறிப்பு: ஹெய்செய் 31 ஆண்டுகளே நீடித்தது. ரெய்வா 47 இன்னும் வரவில்லை. விடையின் எஞ்சிய பகுதியை 3ஆம் பகுதியில் தேடிக்கொள்ளுங்கள்.

5ஆம் வினாவை வெறும் சித்திர வேலையாக எண்ணி விட்டுவிடாதீர்கள். வரைவதைத் தெரிந்தெடுப்பது எளிது. விட்டதற்குக் காரணம் எழுதும்போதுதான், ஒவ்வொரு மூலத்தின் பின்னாலும் ஒருவர் அமர்ந்து இவ்வாறே தெரிந்தும் விட்டும் இருக்கிறார் என்பது உங்களுக்கு விளங்கும். அது விளங்கியவர்களுக்கு மூலாதார வினா எந்த வடிவில் வந்தாலும் அச்சமில்லை.